இருபதாவது ஆள் சேரும்போது: சிறு தொழிலில் பி.எஃப். முதலாளி பங்கை எப்படிக் கையாள்வது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் உங்கள் யூனிட்டில் இதுவரை 17 பேர் வேலை செய்தார்கள். புதிய ஆர்டருக்காக இன்னும் 5 பேரைச் சேர்க்கப் போகிறீர்கள். இனி பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) கட்டாயம் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்கிறார். தொழிலாளர்களோ பிடித்தம் வேண்டாம், முழுக் கூலியையும் கையில் கொடுங்கள் என்கிறார்கள். மனைவி பெயரில் இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கி ஆட்களைப் பிரித்துக் காட்டிவிடலாம் என்பது பக்கத்து யூனிட்காரரின் யோசனை. முதலாளி பங்கு உண்மையில் எவ்வளவு, உங்கள் அளவிலான தொழில் அதை எப்படித் தாங்கும் என்று கேட்கிறீர்கள். சிறு நிறுவனங்களின் சம்பளப் பட்டியலைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

கட்டாயம் என்பதில் ஐயமில்லை. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 20 பேர் என்று வைத்திருந்த வரம்பு, 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் அப்படியே இருக்கிறது. இந்த இருபதில் மாதச் சம்பளக்காரர்கள் மட்டுமல்லாமல் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள், கான்ட்ராக்டர் மூலமாக வந்து உங்கள் கூரையின் கீழ் செக்கிங், பேக்கிங் செய்பவர்கள், கைமடி வேலைக்கு, அதாவது தையல்காரருக்கு உதவியாக, நிற்பவர்கள் ஆகிய எல்லோரும் அடக்கம். வேறு தெருவில் உங்களுக்கு ஒரு கட்டிங் பிரிவு இருந்தால் அங்கே இருப்பவர்களும் இதே கணக்கில்தான் சேர்வார்கள். ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆட்கள் 12 ஆகக் குறைந்தாலும் சட்டம் உங்களை விட்டுப் போகாது. அதனால் ஒரே ஒரு சீசனுக்காக 5 பேரைச் சேர்க்கிறீர்கள் என்றால், அந்த முடிவை ஒரு சீசனுக்கான முடிவாக எண்ணாமல் நிரந்தரமான செலவாக எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது நிறுவனம் தொடங்கும் யோசனையை இங்கேயே முடித்துவிடுவோம். பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் வேறாக இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். விசாரணைக்கு வரும் அதிகாரி அவற்றோடு நிற்பதில்லை. இரண்டு நிறுவனத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, நிர்வாகம் யார் கையில் இருக்கிறது, ஆட்களும் இயந்திரங்களும் இங்கிருந்து அங்கே மாறி மாறி ஓடுகின்றனவா, ஒன்று மூடினால் மற்றொன்று நடக்குமா என்று பார்ப்பார். ஒரே வாசலில் நுழைந்து, ஒரே மின் இணைப்பில் ஓடும் இரண்டு நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து, தொடக்க நாளிலிருந்து நிலுவையைக் கணக்கிட்டு உத்தரவு போட்ட வழக்குகள் ஏராளம். அந்த நிலுவையில் தொழிலாளர் பங்கும் உங்கள் தலையில்தான் விழும். கூலி கொடுக்கும்போது பிடிக்காமல் விட்ட தொகையைப் பிறகு அவர்களுடைய கூலியிலிருந்து பிடிப்பதற்கு, தற்செயலான எழுத்துப் பிழை போன்ற அரிதான நிலைகளைத் தவிர, விதி இடம் தருவதில்லை. அதாவது இன்று தன் செலவான 13 சதவீதத்தைத் தவிர்க்கப் பார்ப்பவர் நாளை தொழிலாளர் பங்கான 12 சதவீதமும் சேர்ந்த 25 சதவீதத்தையும் அதற்கான வட்டியையும் கட்ட நேரிடும்.

இப்போது தொகைக்கு வருவோம். ஒரு தொழிலாளியின் மாதக் கூலி 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பங்கு 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய். இது அவர் கூலியிலிருந்து பிடிக்கப்படுவது. உங்கள் பங்கும் அதே 1,680 ரூபாய்தான், ஆனால் அது இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதமான 1,166 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும், மீதி 514 ரூபாய் அவருடைய வைப்பு நிதிக் கணக்குக்கும் போகும். இவற்றுக்கு மேல், இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டுக்காக அரை சதவீதம், நிர்வாகக் கட்டணமாக இன்னோர் அரை சதவீதம் என்று தலா 70 ரூபாய் நீங்கள் தர வேண்டும். ஆக உங்கள் கையிலிருந்து போவது 1,820 ரூபாய். 22 பேருக்கும் இதே கூலி என்றால் மாதக் கூலி 3,08,000 ரூபாய், தொழிலாளர் பங்கு 36,960 ரூபாய், உங்கள் செலவு 40,040 ரூபாய், மொத்தச் செலான் 77,000 ரூபாய். நிர்வாகக் கட்டணத்துக்கு மாதம் 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச அளவு உண்டு. உங்கள் அளவில் அது தானாகவே தாண்டிவிடும்.

கூலி 15,000 ரூபாய்க்கு மேல் போகும் தையல்காரர்களுக்கு, 15,000 ரூபாய் வரைக்கும் மட்டும் கணக்கிட்டுக் கட்டினால் போதும். 2014 செப்டம்பர் முதல் இருக்கும் உச்சவரம்பு அது. அந்த அளவில் ஒருவருக்கு உங்கள் செலவு 1,950 ரூபாயோடு நின்றுவிடும். முழுக் கூலிக்கும் கட்ட விரும்பினால் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்துக் கட்டலாம், கட்டாயமில்லை. வேலைக்குச் சேரும்போதே 15,000 ரூபாய்க்கு மேல் கூலி வாங்குபவர், அதற்கு முன் எங்கும் பி.எஃப். உறுப்பினராக இருந்ததில்லை என்றால், உறுப்பினராகாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அதைப் படிவம் 11-இல் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பூரில் பல யூனிட்களைப் பார்த்தவர்களிடம் பழைய யு.ஏ.என். எண் (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர அடையாள எண்) பெரும்பாலும் இருக்கும் என்பதால், இந்த விலக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவானவர்களுக்கே பொருந்தும். 15,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கோ வேண்டாம் என்று சொல்லும் உரிமையே கிடையாது; அவர் எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

எந்தத் தொகையைக் கூலி என்று கொள்வது என்பதில்தான் சிறு நிறுவனங்கள் அதிகமாகத் தவறுகின்றன. கூலியை அடிப்படை, பயணப்படி, சிறப்புப்படி என்று துண்டு துண்டாக்கி, அடிப்படையை மட்டும் சிறிதாகக் காட்டி, அதற்கு மட்டும் பி.எஃப். கட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரியாகக் கொடுக்கப்படும் படி, அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அடிப்படைக் கூலியின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் கூறிய பிறகு அந்த வழி அடைபட்டது. புதிய சட்டத் தொகுப்பும் கூலியிலிருந்து விலக்கி வைக்கும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியோடு சேரும் என்கிறது. உங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் கணக்கு உண்டு என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: முறையான வேலை நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கான ஓவர்டைம் தொகைக்கு பி.எஃப். இல்லை. ஆனால் அந்த நேரம் ஷிப்ட் பதிவேட்டில் தனியாகத் தெரிய வேண்டும். மொத்தக் கூலியை ஒரே தொகையாக எழுதி வைத்துவிட்டு, இதில் பாதி ஓவர்டைம் என்று விசாரணையில் வாயால் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். பீஸ் ரேட்டில் வருவதும் கூலிதான்.

உங்கள் பங்கைத் தொழிலாளியின் கூலியில் கழித்துக்கொள்ளலாமா என்ற கேள்வியையும் நேரடியாகவே சந்திக்கிறேன். கழிக்கக் கூடாது. நேற்று வரை 14,000 ரூபாய் வாங்கியவருக்கு, பி.எஃப். வந்துவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி 12,180 ரூபாயை அடிப்படையாக வைத்து இரண்டு பங்கையும் அதற்குள் அடக்குவதை 1952 சட்டமே வெளிப்படையாகத் தடுத்தது. அவருக்கு 1,680 ரூபாய் பிடித்தம் போகக் கையில் 12,320 ரூபாய் வரும். அந்தக் குறைவே அவருக்குப் பெரிது. நான் பார்த்த சில முதலாளிகள் முதல் ஆண்டில் கூலியை 500, 600 ரூபாய் உயர்த்தி அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பினார்கள். ஆள் பிடிப்பதே சிரமமாக இருக்கும் ஊரில் அது வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை.

பலரும் தடுக்கி விழும் இடம் இந்த 13 சதவீதம் அன்று. செலானில் இருக்கும் 77,000 ரூபாயும் அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரை நடப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. வாரக் கூலி சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும், நூல்காரருக்குத் தர வேண்டும், ஜாப் ஒர்க் கொடுத்த கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை. அந்த நெருக்கடியில் கணக்கில் இருக்கும் தொகையைத் தொட்டுவிடுகிறோம். அதில் ஏறக்குறைய பாதி தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. பிடித்த தொகையைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடி என்று தண்டனைச் சட்டமே தனியாக விளக்கம் தந்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்த விளக்கம் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. முதலாளி பங்கைத் தாமதிப்பதும் தொழிலாளர் பங்கைத் தாமதிப்பதும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. முன்னது கடன், பின்னது அடுத்தவர் பணம்.

தாமதத்தின் விலையையும் பார்ப்போம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். அபராதம், 2024 ஜூன் மாதத் திருத்தத்துக்குப் பிறகு, மாதத்துக்கு ஒரு சதவீதம். இரண்டும் சேர்ந்து 77,000 ரூபாய்க்கு மாதம் 1,540 ரூபாய். வெளியில் வாங்கும் வட்டியோடு ஒப்பிட்டால் இது குறைவு என்று நினைத்து, பி.எஃப். தொகையையே கைமாற்றாகப் பயன்படுத்தும் முதலாளிகள் இருக்கிறார்கள். வருமான வரியில் அவர்கள் இழப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் பங்கை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் செலவாக ஏற்பார்கள். தொழிலாளர் பங்கு அப்படியன்று. 1961 வருமான வரிச் சட்டத்தின்படி, பி.எஃப். விதி குறிக்கும் 15-ஆம் தேதியை ஒரு நாள் தாண்டினாலும் அந்தத் தொகை உங்கள் வருமானமாகவே ஆகிவிடும், பிறகு கட்டினாலும் கழிக்க முடியாது என்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 12 அன்று தீர்ப்பளித்தது. 30 சதவீத வரியும் அதன் மீதான கூடுதல் வரியும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாதத்தின் 36,960 ரூபாய்க்குச் சுமார் 11,500 ரூபாய் வரி. ஐந்து நாள் தாமதத்துக்கு இந்த விலை. முன்பு இருந்த ஐந்து நாள் சலுகைக் காலமும் 2016-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. புதிய வருமான வரிச் சட்டத்துக்கு மாறும் ஆண்டிலிருந்து இந்த இடத்தில் எந்தத் தேதி பொருந்தும் என்பதை உங்கள் தணிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் ஏற்பாடு மிக எளிது. சம்பளத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி பட்டுவாடா செய்யும்போதே, அந்த வாரக் கூலியில் நான்கில் ஒரு பங்கை அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். 12 உம் 13 உம் சேர்ந்து 25 என்பதால் கணக்குப் போடுவதும் எளிது. மாதம் முடிந்த ஐந்தாம் நாளுக்குள் இசிஆர் பட்டியலை (ஒவ்வொருவரின் கூலியையும் பங்கையும் காட்டும் மாதக் கணக்கை) பி.எஃப். தளத்தில் பதிவேற்றி, பத்தாம் தேதிக்குள் செலான் கட்டிவிடுங்கள். 15-ஆம் தேதி கடைசி நாள் என்பதால் அன்றைக்குத் தளம் திணறும், வங்கிப் பக்கம் தொங்கும். அதைக் காரணமாகச் சொல்லி அபராதத்திலிருந்து தப்பியவர்கள் குறைவு.

செலவை எங்கிருந்து எடுப்பது என்றால், பீஸ் விலையிலிருந்துதான். ஒரு பனியனுக்கு 20 ரூபாய் ஜாப் ஒர்க் விலை பேசி, அதில் 12 ரூபாய் கூலிக்குப் போகிறது என்றால், முதலாளி பங்கு அதில் 1 ரூபாய் 56 காசு. விலை பேசும்போதே இந்த ஒன்றரை ரூபாயைத் தனி வரியாக எழுதிக் காட்டுங்கள். ஆர்டர் கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கான்ட்ராக்டர் கட்டாத பி.எஃப். தொகைக்கு வேலை கொடுத்த முதன்மை நிறுவனமே பொறுப்பு என்பதாலும், வெளிநாட்டு பையர் அனுப்பும் தணிக்கையாளர்கள் கேட்பதாலும், அவர்கள் ஜாப் ஒர்க் யூனிட்களிடம் மாதா மாதம் செலான் நகலைக் கேட்டு வாங்குகிறார்கள். முறையாகக் கட்டும் யூனிட் என்பது விலை பேசும் மேசையில் உங்களுக்கு ஒரு பலம். அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இருந்தால், உங்கள் பில்லுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது.

மத்திய அரசின் ஊக்கத்தொகை ஒன்றும் இப்போது உண்டு. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கான விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனாவில், 50 பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது 2 பேரைக் கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருந்தால், கூலியைப் பொறுத்து ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். 14,000 ரூபாய் கூலிக்கு அது 2,000 ரூபாய். உற்பத்தித் துறைக்கு மூன்றாம், நான்காம் ஆண்டுகளும் உண்டு. இதற்குக் கூடுதல் ஆட்களை எந்த எண்ணிக்கையிலிருந்து எண்ணுவார்கள் என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஊக்கத்தொகை வரும் என்று எண்ணிப் பீஸ் விலையைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். அது நின்ற பிறகும் பங்கு நிற்காது.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 20 என்ற எண்ணை நினைத்துக் கவலைப்படும் பலரும், பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) வரம்பு 10 பேர் என்பதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ஐந்து ஆண்டு முடித்தவர் விலகும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசி மாதக் கூலியை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கிய தொகையைத் தர வேண்டும். 14,000 ரூபாய்க்கு அது ஆண்டுக்கு 8,077 ரூபாய், அதாவது கூலியில் ஏறக்குறைய 4.8 சதவீதம். உங்களோடு எட்டு ஆண்டாக இருக்கும் சிங்கர் டெய்லர் நாளை ஊருக்குப் போகிறேன் என்று நின்றால், ஒரே நாளில் 64,600 ரூபாய் தேவைப்படும். எல்.ஐ.சி. போன்ற நிறுவனங்களின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் ஆண்டுதோறும் கொஞ்சம் கட்டி வந்தால் இந்த அடி மெதுவாக விழும்.

தொழிலாளர்களிடம் எப்படிப் பேசுவது என்பது கடைசிக் கேள்வி. என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வியும் அதுதான். ஐம்பத்தெட்டு வயதில் கிடைக்கும் ஓய்வூதியத்தைச் சொல்லி 24 வயதுப் பையனை இணங்க வைக்க முடியாது. கணக்கைச் சொல்லுங்கள்: உன் 1,680 ரூபாயோடு என் 514 ரூபாயும் சேர்ந்து மாதம் 2,194 ரூபாய் உன் பெயரில் ஏறுகிறது, 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ எடுக்கலாம், வேறு யூனிட்டுக்குப் போனாலும் யு.ஏ.என். கூடவே வரும். பிறகு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், ஒரே ஒரு மாதப் பங்கு கட்டப்பட்டிருந்தாலும் அவர் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு; காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை வர வாய்ப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யூனிட்டில் பேக்கிங் பிரிவில் இருந்தவர் வேலை முடிந்து திரும்பும்போது சாலை விபத்தில் இறந்துபோனார். அந்த யூனிட்டில் ஆட்களில் பாதிப்பேரை மட்டும் கணக்கில் காட்டியிருந்தார்கள். அவர் காட்டப்படாத பாதியில் இருந்தார். அவருடைய மனைவி இரண்டு பிள்ளைகளோடு வந்து, மாதம் 1,500 ரூபாய்க்கும் குறைவான செலவில் தடுத்திருக்கக்கூடிய இழப்பின் முன் நின்றதை நான் நேரில் பார்த்தேன். அந்த முதலாளி கெட்டவர் அல்லர். இறுதிச் சடங்குக்குத் தன் கைப்பணத்தைத்தான் கொடுத்தார்.

செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லி முடிக்கிறேன். இருபதாவது ஆள் சேரும் நாளை வருகைப் பதிவேட்டில் தெளிவாகக் குறியுங்கள். பொறுப்பு அந்த நாளிலிருந்து தொடங்கும். ஷ்ரம் சுவிதா தளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் சேர்த்தே பதிவு செய்யலாம். ஒவ்வொருவரின் ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் யு.ஏ.என். பதிவில் உள்ளவையும் ஒத்திருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். ஆதார் இணையாத ஒருவருக்கு இசிஆர் ஏறாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்குப் பெயரின் எழுத்து ஒன்று மாறியிருந்தாலே பிற்பாடு பணம் எடுக்க முடியாமல் அலைய நேரிடுகிறது. அதே போல ஒருவர் வேலையை விட்டுப் போனால், விலகிய தேதியை அந்த மாதமே தளத்தில் பதியுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்றால், அவர் கணக்கு உங்கள் யூனிட்டின் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். எங்கோ கஞ்சம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் சொந்தப் பணத்துக்காக உங்கள் தொலைபேசிக்கு அவர் மாதக்கணக்கில் அழைத்துக்கொண்டிருப்பார்.